கியர்பாக்ஸ் பழுது எனப் பதிவான வண்டி: ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் நான்கு ஜாப் கார்டுகளும்

புதிதாக வாங்கிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் வாரன்டிக் காலத்துக்குள் வந்த கோளாறு இது. அது கண்டுபிடிக்கப்படுவதற்குள் தேவையில்லாத ஒரு பெரிய வேலை நடந்துவிட்டது. அந்த வேலையே இன்னொரு பழுதைக் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே இங்கே பதிவு செய்கிறேன்.

நான் வாகனங்களின் மின்னணுக் கோளாறுகளை மட்டும் பார்க்கும் டெக்னீஷியன். டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் எனக்கும் தொடர்பு இல்லை. மூன்றாவது ரிப்பேருக்குப் பிறகுதான் உரிமையாளர் என்னிடம் வந்தார். அதற்கு முன்னால் நடந்தவற்றை அவர் சேர்த்துவைத்திருந்த ஜாப் கார்டுகள் (ஒவ்வொரு ரிப்பேருக்கும் டீலர் எழுதும் வேலைப் பதிவுத் தாள்கள்), மின்னஞ்சல்கள், ஃபோனில் எடுத்த வீடியோக்கள் ஆகியவற்றிலிருந்து எழுதுகிறேன். ஆட்கள், பிராண்டு, டீலர் யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி

இரண்டு இருக்கை, நடுவில் எஞ்சின், இரட்டை டர்போ, ஏழு கியர் கொண்ட டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். வாரன்டி மூன்று வருடம். உரிமையாளர் வாரநாட்களில் வேறு காரில் வேலைக்குப் போகிறவர். இந்த வண்டி ஞாயிறு இரவு நிறுத்தினால் சனிக்கிழமை காலையில்தான் எடுக்கப்படும். வார இறுதியில் ஓடுவதும் பெரும்பாலும் குறைந்த தூரம்தான். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பலருடைய வழக்கம் இதுவே.

இன்னும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி நிற்கும் இடம் தரைக்குக் கீழே இரண்டாவது தளத்திலுள்ள பார்க்கிங். வாங்கிய முதல் மாதமே ஒரு டேஷ்கேம் பொருத்தியிருந்தார். அதன் ஒயர் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அப்புறம், ஒரு நாள் ரேஸ் டிராக்கில் வண்டியை ஓட்டியிருந்தார்; போட்டியில் கலந்துகொள்ளவில்லை, பணம் கட்டி டிராக்கில் ஓட்டிப்பார்க்கும் நாள் அது.

முதல் அறிகுறிகள்

நான்காவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஸ்டார்ட் செய்ததும் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கியர்பாக்ஸ் கோளாறு, ஸ்டியரிங் உதவி குறைந்துள்ளது, சஸ்பென்ஷன் கோளாறு, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இயங்கவில்லை. எஞ்சின் சாதாரணமாக ஓடியது. ஆனால் வண்டி ஒன்றிலிருந்து நேராக மூன்றாவது கியருக்குப் போனது; ரிவர்ஸ் விழவில்லை. அணைத்து, பூட்டி, சிறிது நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தபோது எல்லா எச்சரிக்கைகளும் மறைந்துவிட்டன. அன்று முழுக்க வண்டி நன்றாக ஓடியது.

ரிவர்ஸ் ஏன் விழவில்லை என்பதற்கு ஒரு சிறு விளக்கம். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் என்பது ஒரே கூட்டுக்குள் இருக்கும் இரண்டு கியர்பாக்ஸ்கள் மாதிரி. ஒரு கிளட்ச் ஒற்றைப்படைக் கியர்களை இயக்கும், மற்றொன்று இரட்டைப்படைக் கியர்களை. இந்த வண்டியில் ரிவர்ஸ் இரட்டைப்படைப் பக்கம் இருந்தது. ஒரு பக்கத்தில் சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் யூனிட் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மறுபக்கத்தை வைத்து ஓட்டும். லிம்ப் மோடு என்று சொல்வது இதைத்தான். கியர்பாக்ஸ் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளச் செய்யும் வேலை இது. ஓட்டுபவருக்கோ கியர்பாக்ஸ் உடைந்துவிட்டது போலவே தெரியும்.

சில வாரங்கள் கழித்து இதே நடந்தது. பிறகு மறுபடியும். உரிமையாளர் ஒன்றைக் கவனித்திருந்தார்: தொடர்ந்து இரண்டு நாள் ஓட்டினால் இரண்டாவது நாள் காலையில் எச்சரிக்கை வருவதே இல்லை. இதை அவர் டீலரிடம் வாயால் சொல்லியிருக்கிறார். ஜாப் கார்டில் அது ஏறவில்லை. "கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு, எப்போதாவது" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது.

முதல் இரண்டு ஜாப் கார்டுகள்

முதல் முறை ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பல மாட்யூல்களில் (வண்டியின் தனித்தனிக் கணினிகளில்) பழைய கோடுகள், அதாவது கோளாறுக் குறியீடுகள், இருந்தன. அவற்றை அழித்து, கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரைப் புதுப்பித்து, ஓட்டிப்பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "பரிசோதனையில் கோளாறு காணப்படவில்லை" என்று ஜாப் கார்டு முடிகிறது. கோடுகளை அழிப்பதற்கு முன் அவற்றைப் பிரின்ட் எடுத்து வைக்கவில்லை.

இரண்டாவது முறை பேட்டரியைச் சோதித்தார்கள். பலவீனமாக இருந்தது. வாரன்டியில் புதியது போட்டார்கள். இது நியாயமான முடிவுதான். ஆனால் ஒரு வருடம்கூட ஆகாத ஏஜிஎம் பேட்டரி (மூடிய வகை பேட்டரி) ஏன் பலவீனமானது என்று யாரும் கேட்கவில்லை. நிறுத்திவைக்கும்போது பேட்டரி மெயின்டெய்னர் (பேட்டரியைத் தொடர்ந்து சார்ஜில் வைக்கும் கருவி) மாட்டிவைக்கச் சொன்னார் சர்வீஸ் அட்வைசர். உரிமையாளர் தன் தளத்தில் பிளக் பாயின்ட் இல்லை என்றார். "சார், வண்டி இங்க வந்தா நல்லாதான் இருக்கு. நாங்க எதைப் பார்த்து எதை மாத்தறது?" என்று அட்வைசர் கேட்டதாக அவர் எனக்கு எழுதியிருந்தார்.

அந்தக் கேள்வியைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. வாரன்டி வேலைக்கான கூலியைப் பெரும்பாலும் தயாரிப்பாளர் முன்கூட்டியே நிர்ணயித்த நேரக்கணக்கில்தான் டீலருக்குக் கொடுக்கிறார். பார்ட் மாற்ற நேரம் உண்டு. எப்போதாவது வந்து போகும் கோளாறைத் தேடி ஒரு இரவு முழுக்கக் காத்திருக்க நேரம் இல்லை. கழற்றிய பார்ட்டைத் தயாரிப்பாளர் திரும்பக் கேட்டு வாங்கிச் சோதிப்பதும் உண்டு. அதில் குறை இல்லை என்றால் அந்த கிளெய்ம் டீலர் தலையில் விழலாம். ஆகவே கோடு இல்லாமல் கை வைக்க மெக்கானிக்குக்குத் தயக்கம் இருக்கும். கோடு கிடைத்துவிட்டாலோ அது காட்டும் பார்ட்டை மாற்றுவதுதான் அவருக்குப் பாதுகாப்பான வழி. அடுத்து நடந்தது அதுதான்.

மூன்றாவது ஜாப் கார்டு: பெரிய வேலை

புதிய பேட்டரியுடன் ஒன்றரை மாதம் போல அமைதியாகப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் வெளியே வந்தவர், ரிவர்ஸ் இல்லாமல் ஒரு சந்துக்குள் மாட்டிக்கொண்டார். இந்த முறை வண்டியை அணைக்க வேண்டாம் என்று உதவி எண்ணில் சொன்னார்கள். ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி வொர்க்‌ஷாப்புக்குப் போனது.

இப்போது கோடு அப்படியே இருந்தது: கியர்பாக்ஸ் ஹைட்ராலிக் அழுத்தம் எதிர்பார்த்த நேரத்துக்குள் உயரவில்லை. தயாரிப்பாளரின் சோதனை வரிசைப்படி அந்தக் கோடுக்கான தீர்வு மெகாட்ரானிக்ஸ் யூனிட்டை மாற்றுவது. வால்வுகள், சோலனாய்டுகள், சென்சார்கள், கன்ட்ரோல் போர்டு எல்லாம் ஒன்றாக அமைந்த, கியர்பாக்ஸுக்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் பாகம் அது. விலை அதிகம், ஸ்டாக்கில் இருக்காது. வண்டி வாரக்கணக்கில் வொர்க்‌ஷாப்பில் நின்றது.

பார்ட் வந்ததும் அண்டர்பாடி கவர்களைக் கழற்றி, எண்ணெயை வடித்து, யூனிட்டை மாற்றி, கிளட்ச் அளவீடுகளைப் புதிதாகக் கற்பித்து, ஓட்டிப்பார்த்தார்கள். எல்லாம் சரி. சரியாக இருக்கத்தான் செய்யும்: சாஃப்ட்வேர் ஏற்றும்போது வொர்க்‌ஷாப்பில் வண்டியோடு சார்ஜரை இணைத்துவைப்பது கட்டாயம். பேட்டரி முழுதாக நிரம்பித்தான் வண்டி வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்த சில வாரங்களில் அதே எச்சரிக்கைகள் மறுபடி வந்தன. கூடவே புதிதாக ஒன்று: வண்டி நிற்கும் இடத்தில், கியர்பாக்ஸுக்கு நேர் கீழே, எண்ணெய்க் கறை.

என்னிடம் வந்தபோது

உரிமையாளர் அப்போது வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முடிவில் இருந்தார். நான் முதலில் கேட்டது, எச்சரிக்கை வந்த அதே காலையில் எடுத்த முழு ஸ்கேன் அறிக்கை. கியர்பாக்ஸ் கோடு மட்டும் எனக்குப் போதாது. எல்லா மாட்யூல்களிலும் பதிவானவை, ஒவ்வொரு கோடுடனும் சேமிக்கப்படும் அந்த நேரத்து அளவீடுகள், எல்லாம் வேண்டும். அடுத்த முறை எச்சரிக்கை வந்தபோது அவர் வண்டியை நகர்த்தாமல் அழைத்தார். நானே ஸ்கேனரோடு கீழ்த்தளத்துக்குப் போனேன்.

அறிக்கையில் இரண்டு விஷயங்கள் உடனே கண்ணில் பட்டன. ஒன்று, பத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் ஒரே நொடியில் கோடு பதிவு செய்திருந்தன. ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே நொடியில் கெட்டுப்போகாது. அவை எல்லாவற்றுக்கும் பொதுவானது மின்சாரம். இரண்டு, சேமிக்கப்பட்ட அளவீடுகளில் சப்ளை வோல்டேஜ் 9 வோல்ட்டை ஒட்டியிருந்தது. செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் இறங்குவது இயல்பு. நல்ல பேட்டரியில் இந்த அளவு இறங்காது.

கியர்பாக்ஸ் கோடு பொய் சொல்லவும் இல்லை. இந்த வண்டியில் ஸ்டார்ட் ஆகும் தருணத்தில் ஹைட்ராலிக் அழுத்தத்தை உருவாக்குவது ஒரு எலக்ட்ரிக் பம்ப். வோல்டேஜ் இறங்கினால் பம்ப் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் தாமதமாக உயரும். கன்ட்ரோல் யூனிட் பார்த்தது உண்மை, எழுதியதும் உண்மை. அழுத்தம் ஏன் உயரவில்லை என்பதற்கான பதில் மட்டும் அந்த ஒற்றைக் கோடில் இல்லை. அதோடு பதிவான வோல்டேஜைப் பார்த்திருந்தால் மெகாட்ரானிக்ஸ் கழன்றிருக்காது.

ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் செய்தது. பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையிலான எர்த் ஒயரில் வோல்டேஜ் இழப்பு இல்லை. மிஞ்சியது ஒரே சந்தேகம்: வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று பேட்டரியைக் குடிக்கிறது.

டேஷ்கேமும் டிராக் நாளும்

இதற்கிடையில் டீலரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. வெளியில் வாங்கிய மின்சாதனம் பொருத்தப்பட்டுள்ளது, வண்டி டிராக்கில் ஓட்டப்பட்டுள்ளதாகத் தெரிகிறது, எனவே மேற்கொண்டு வாரன்டி வேலை செய்யும் முன் பரிசீலிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. உரிமையாளருக்குக் கோபம். எனக்கு அந்த மின்னஞ்சலில் பாதி நியாயமாகப் பட்டது.

டேஷ்கேமைப் பற்றிய சந்தேகம் முற்றிலும் நியாயம். பார்க்கிங் மோடில், அதாவது வண்டி அணைந்திருக்கும்போதும், இயங்கும் டேஷ்கேம் பேட்டரியை இறக்குவது தினசரி நடப்பதுதான். அதை வைத்துக்கொண்டு எதை அளந்தாலும் "முதலில் அதைக் கழற்றுங்கள்" என்ற பதில்தான் வரும். அதனால் முதல் முடிவு, டேஷ்கேமையும் அதன் ஒயரையும் முழுதாகக் கழற்றி, கழற்றியதைத் தேதியுடன் படமெடுத்து, டீலருக்கு அனுப்புவது. கோளாறு அதனால்தான் என்றால் அத்துடன் நின்றுவிடும். இல்லையென்றால் அந்த வாதம் அத்துடன் முடிந்துவிடும்.

டிராக் விஷயம் வேறு. ரேஸ், நேரப்போட்டி போன்றவற்றால் ஏற்படும் சேதத்துக்கு வாரன்டி பொருந்தாது என்று பெரும்பாலான வாரன்டிப் புத்தகங்கள் சொல்கின்றன. எஞ்சின் எத்தனை சுழற்சி வரை போனது என்பதைப் பல ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின் கன்ட்ரோல் யூனிட் பதிவு செய்துவைக்கிறது, மறைப்பதில் பயனில்லை. மேனுவல் வண்டியில் தவறான கியர் விழுந்து எஞ்சின் எல்லை மீறிச் சுற்றலாம். டூயல் கிளட்ச்சில் அப்படிப்பட்ட கியரைக் கணினியே மறுத்துவிடும், அதனால் அந்தப் பதிவு அநேகமாகச் சுத்தமாகவே இருக்கும். டிராக்கில் ஓட்டியதை ஒப்புக்கொண்டு, அந்தப் பதிவை அவர்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதச் சொன்னேன். எழுதினார். அந்தப் பேச்சு அதோடு ஓய்ந்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை பற்றியும் பேசினோம். இது நாட்டுக்கு நாடு மாறும். கலிஃபோர்னியாவில், வாங்கிய 18 மாதங்கள் அல்லது 18,000 மைல்களுக்குள் மொத்தம் 30 நாட்களுக்கு மேல் வண்டி ரிப்பேரில் நின்றிருந்தால், சரிசெய்ய நியாயமான வாய்ப்பு கொடுக்கப்பட்டுவிட்டது என்று சட்டம் அனுமானிக்கிறது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாட்களுக்குள் பழுதான பொருளை நேரடியாகத் திருப்பலாம்; அதற்குப் பிறகு ஒரு ரிப்பேர் வாய்ப்பு கொடுத்த பின்பே அந்த உரிமை வரும். எந்தச் சட்டமானாலும் கணக்கு நிற்பது ஜாப் கார்டுகளின் மேல்தான். வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, புகார் என்ன சொல்கிறது. "எப்போதாவது விளக்கு எரிகிறது" என்று எழுதிய ஜாப் கார்டு எங்கும் எடுபடாது. ஒரே கோளாறுக்குத்தான் மூன்று முறை போனது என்பதை அவர் கையிலிருந்த ஜாப் கார்டுகள் நிரூபிக்கவில்லை. ஒன்று சாஃப்ட்வேர், ஒன்று பேட்டரி, ஒன்று கியர்பாக்ஸ். அதனால் திருப்பிக் கொடுக்கும் பேச்சைத் தள்ளிவைத்து, முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்பது என்று முடிவானது.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். 2014இல் போர்ஷே 911 ஜிடி3 கார்களில், கனெக்டிங் ராடைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து இரண்டு வண்டிகள் தீப்பிடித்தன. நிறுவனம் 785 வண்டிகளையும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றிலும் எஞ்சினையே மாற்றியது. தீ என்றால் யாரும் விவாதிப்பதில்லை. வொர்க்‌ஷாப் வாசலில் வந்ததும் மறைந்துபோகிற கோளாறுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. அதைக் கண்ணுக்குக் காட்டும் பொறுப்பு உரிமையாளர் மேல் விழுகிறது.

அளந்தது

வண்டி வாரன்டியில் இருப்பதால் எதையும் கழற்றாமல், எந்த ஒயரையும் வெட்டாமல் அளப்பது என்று வைத்துக்கொண்டோம். பேட்டரி டெர்மினலில் பிடிக்கும் சிறிய வோல்டேஜ் லாகர் ஒன்று போதும். நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து சேமித்துவைக்கும்; பக்கத்தில் போனால் ஃபோனுக்கு அனுப்பும். மெயின்டெய்னர் வேண்டாம் என்றேன். அது நோயை விட்டுவிட்டு ஜுரத்தை மட்டும் இறக்கும். கூடவே நாம் தேடும் தடயத்தையும் அழித்துவிடும்.

முதல் வாரம் வழக்கம்போலக் கீழ்த்தளம். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுத் தொடங்கினோம். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் ஏஜிஎம் பேட்டரி 12.8 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். வண்டி நன்றாகத் தூங்கினால் லாகரின் வரைபடக் கோடு நாட்கணக்கில் கிட்டத்தட்டச் சமமாகப் போக வேண்டும். இங்கே அது ஒவ்வொரு நாளும் இறங்கி, வெள்ளிக்கிழமை 12 வோல்ட்டுக்கு வந்து நின்றது. கோடு வழவழப்பாகவும் இல்லை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை சிறிய பள்ளம். ஏதோ ஒன்று விழித்து, எதையோ செய்துபார்த்து, மறுபடி விழித்துக்கொண்டே இருந்தது. சாவி தூரத்தில் வீட்டுக்குள் இருந்தது; கீலெஸ் சாவி பக்கத்தில் இருந்து வண்டியை எழுப்பும் வாய்ப்பு இல்லை.

அடுத்த வாரம் வண்டியை உரிமையாளரின் உறவினர் வீட்டு முற்றத்தில், திறந்த வெளியில் நிறுத்தினோம். கோடு சமதளம். பள்ளங்கள் இல்லை. மூன்றாவது வாரம் மறுபடி கீழ்த்தளம். பள்ளங்கள் திரும்பி வந்தன.

கீழ்த்தளத்துக்கும் முற்றத்துக்கும் என்ன வித்தியாசம்? வெப்பம் அதிகம் மாறவில்லை. ஈரமும் இல்லை. கீழ்த்தளத்தில் மொபைல் சிக்னல் சுத்தமாக இல்லை.

அங்கேயே ஃபியூஸ்களை அளந்தேன். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வண்டிகளுக்குச் சரி. இப்போதுள்ள வண்டியில் ஒரு ஃபியூஸைப் பிடுங்கி மாட்டினாலே மாட்யூல்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். அதனால் ஃபியூஸ் இருந்த இடத்திலேயே, அதன் இரு முனைகளுக்கிடையில் மில்லிவோல்ட்டை அளக்க வேண்டும். மின்னோட்டம் இல்லாத ஃபியூஸில் பூஜ்யம். இருந்தால் சிறிய அளவாவது காட்டும். அதற்கு முன் திறந்துவைத்த பானெட் மூடியின் லாட்ச்சை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்து, ஒரு மணி நேரம் போலச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் யாரும் கூலி தராத நேரம் இதுதான்.

டெலிமேட்டிக்ஸ் மாட்யூலின் ஃபியூஸில் மில்லிவோல்ட் தெரிந்தது. வண்டி எங்கே இருக்கிறது, பூட்டியிருக்கிறதா என்று ஃபோன் ஆப்புக்குச் சொல்லும், சொந்தமாக சிம் வைத்திருக்கும் பெட்டி அது. சிக்னல் கிடைக்காதபோது சில முறை தேடிவிட்டுத் தூங்கியிருக்க வேண்டும். இது தேடலை விடவே இல்லை. ஒவ்வொரு முறை விழித்தபோதும், மாட்யூல்களுக்கிடையே தகவலைக் கடத்தும் கேட்வே மாட்யூலையும், அது வழியாக வேறு சிலவற்றையும் எழுப்பியது. ஒயரை வெட்டாமல் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் காட்டிய சராசரி 0.35 ஆம்பியர் போல. ஆரோக்கியமான வண்டியில் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது.

கணக்கு எளிது. 0.35 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 8.4 ஆம்பியர்-மணி. பேட்டரி 70 ஆம்பியர்-மணி. ஞாயிறு இரவு முதல் சனி காலை வரை 45க்கு மேல் போய்விடும். மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. செல்ஃப் எடுக்க அது போதும், எலக்ட்ரிக் பம்ப்பும் பத்து மாட்யூல்களும் அதே நொடியில் நிமிர்ந்து நிற்கப் போதாது. வார இறுதியில் ஓடும் குறைந்த தூரத்தில் முழுதாக நிரம்பவும் செய்யாது. ஒரு வருடத்துக்குள் பேட்டரி நொந்ததும், புதிய பேட்டரி போட்டதும் ஒன்றரை மாதம் தாங்கியதும், தொடர்ந்து ஓட்டினால் எச்சரிக்கை வராததும் இதில் அடங்கிவிட்டன. வொர்க்‌ஷாப்பில் ஏன் ஒருபோதும் வரவில்லை என்பதும்: அவர்களுடைய யார்டு திறந்த வெளி.

டீலரிடம் கொண்டுபோனது

"உங்கள் வேலை தவறு" என்று தொடங்கும் கடிதத்தை உரிமையாளர் எழுதிவைத்திருந்தார். அதை அனுப்ப வேண்டாம் என்றேன். பதிலாக ஒரே பக்கம்: எந்தச் சூழலில் கோளாறு வருகிறது, எந்தச் சூழலில் வருவதில்லை, லாகரின் மூன்று வார வரைபடங்கள், டேஷ்கேம் கழற்றிய தேதி, அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த வண்டியை சிக்னல் இல்லாத நிலையில் ஒரு இரவு நிறுத்தி அளந்துபாருங்கள். என் அளவீடுகளைத் தீர்ப்பாக வைக்கவில்லை. வெளியாள் சொன்னதை வைத்து டீலர் கிளெய்ம் போட முடியாது. அவர்கள் கருவியில், அவர்கள் கண்ணெதிரே வர வேண்டும்.

ஜாப் கார்டில் புகாரை அட்வைசர் தன் சொற்களில் எழுத விடாமல், நாங்கள் எழுதிக் கொடுத்த வாக்கியத்தையே ஏற்றச் சொன்னோம். இதே கோளாறுக்கு இது நான்காவது முறை என்ற வரியையும் சேர்க்கவைத்தோம்.

பொறுப்பில் இருந்த ஃபோர்மேன் நிதானமானவர். தயாரிப்பாளரின் டெக்னிகல் பிரிவைக் கேட்டார். டெலிமேட்டிக்ஸ் ஆன்டெனா இணைப்பை மட்டும் கழற்றிவைத்து இரவு முழுக்க மின்னோட்டத்தைப் பதிவு செய்யச் சொன்னார்கள். முதல் இரவே வந்துவிட்டது. மாட்யூலை மாற்றி, புதிய சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். மாற்றிய பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்து, அந்தப் பிரின்ட்டை ஜாப் கார்டோடு இணைத்துத் தரும்படி கேட்டிருந்தோம்; தந்தார்கள். நாள்பட்ட ஆழ்ந்த இறக்கத்தால் திறன் குறைந்திருந்த இரண்டாவது பேட்டரியையும் மாற்றினார்கள்.

எண்ணெய்க் கசிவு

இது தனிக் கதை. மெகாட்ரானிக்ஸ் மாற்றியபோது கியர்பாக்ஸின் ஆயில் பான், அதாவது அடியில் எண்ணெய் தேங்கும் தட்டு, திரும்ப மாட்டப்பட்டதில் கசிவு வந்திருந்தது. இப்படிப்பட்ட பான்கள் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். போல்ட்களை ஒருமுறை கழற்றினால் புதியவைதான் போட வேண்டும். வரிசையும் இறுக்கமும் சொன்னபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பான் நெளியும். ஃபோர்மேன் பார்த்ததும் ஒப்புக்கொண்டார். பான், கேஸ்கெட், போல்ட் எல்லாம் புதிதாகப் போட்டு, எண்ணெய் நிரப்பித் தந்தார்கள்.

வாரன்டியில் இலவசமாகத்தானே மாற்றினார்கள், நமக்கென்ன நஷ்டம் என்று பலர் கேட்கிறார்கள். நஷ்டம் இதுதான். நன்றாக இருந்த, தொழிற்சாலையில் மூடப்பட்ட ஒரு கியர்பாக்ஸ் திறக்கப்பட்டு, அதன் ரிப்பேர் வரலாற்றில் ஒரு பெரிய வரி ஏறிவிட்டது. நாளைக்கு வண்டியை வாங்க வருபவர் அந்த வரியைத்தான் முதலில் படிப்பார்.

பின்னர் நடந்தவை

உரிமையாளர் வண்டியை வைத்துக்கொள்ள முடிவு செய்தார். காரணம் தெரிந்தது, அதைச் சரிசெய்ததற்கு அளவீட்டுச் சான்று இருக்கிறது, ஓட்டப் பிடிக்கிறது. இந்த மூன்றில் கடைசிக்குத்தான் எடை அதிகம் என்று நினைக்கிறேன். இழப்பீடாகப் பணம் கேட்பதைவிட வாரன்டி நீட்டிப்பு கேட்பது நல்லது என்று பேசினோம், ஏனென்றால் அவருடைய உண்மையான பயம் திறக்கப்பட்ட கியர்பாக்ஸைப் பற்றியது. தயாரிப்பாளர் கியர்பாக்ஸுக்கும் அதன் மின்னணுவுக்கும் சேர்த்துக் கூடுதலாக ஒரு வருடம் எழுத்தில் கொடுத்தார். வண்டி நின்ற நாட்களுக்கான மாற்றுக் கார் செலவில் ஒரு பகுதி மட்டுமே திரும்பக் கிடைத்தது. முழுதும் கேட்டார், மறுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் லாகரை எடுக்காமல் வைத்திருந்தார். கீழ்த்தளத்திலும் வரைபடக் கோடு சமமாகவே இருக்கிறது. எச்சரிக்கை வரவில்லை. கசிவும் இல்லை.

இனி மாற வேண்டியவை

வொர்க்‌ஷாப்பின் பக்கம், ஒரே காலையில் பல மாட்யூல்களில் கோடு இருந்தால் அழிப்பதற்கு முன் முழு அறிக்கையைச் சேமிக்க வேண்டும், அதில் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. முதல் முறையே இதைச் செய்திருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது. மெகாட்ரானிக்ஸை மாற்றிய மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். சோதனை வரிசை சொன்னதை அவர் செய்தார். ஆனால் அந்த வரிசையில் "கோடு பதிவானபோது வோல்டேஜ் எவ்வளவு" என்ற ஒரு படி இல்லாதது தயாரிப்பாளரின் குறைதான். ஃபோர்மேன் அதை டெக்னிகல் பிரிவுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். சேர்த்தார்களா என்று எனக்குத் தகவல் வரவில்லை.

உரிமையாளர்கள் பக்கம், எச்சரிக்கை வந்த நிமிடமே திரையை ஓடோமீட்டரோடு சேர்த்து வீடியோ எடுப்பதும், எத்தனை நாள் எங்கே நின்ற பிறகு வந்தது என்று எழுதி வைப்பதும் பெரிய உதவி. இந்த உரிமையாளர் வீடியோ எடுத்தார். நின்ற நாட்களை மனதில் மட்டும் வைத்திருந்தார். அது தாளில் இருந்திருந்தால் பேட்டரி மாற்றிய அன்றே யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம். புதிய வண்டியில் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து எதற்கும் ஒயர் எடுக்காமல் இருப்பது நல்லது; எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே இழுப்பில் கழற்றும்படி இருக்கட்டும்.

நானும் என் பக்கத்தில் ஒன்றை மாற்றியிருக்கிறேன். நிறுத்திவைத்த பிறகு வரும் எந்தக் கோளாறுக்கும், வண்டி நிற்கும் இடத்தில் ஃபோன் சிக்னல் கிடைக்கிறதா என்ற கேள்வி என் புகார்ப் படிவத்தில் இப்போது இருக்கிறது.